பதினோரு வருஷத்து மீன்

மாயழகு அந்த மீனைத் தூண்டிலில் மாட்டியது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அது கைக்கு வந்து சேர்ந்தது பதினோரு வருஷம் கழித்து, பங்குனியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நடுவில் அவன் கம்பைக் கீழே வைக்கவில்லை. சொல்கிறவன் நான் என்பதால் வருஷத்தை நாளாகக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். எங்கள் எஸ்டேட்டின் மேல்கரை டிவிஷனில் எல்லாரும் என் பேச்சை அப்படித்தான் குறைத்துக்கொள்வார்கள். சிறுத்தையிடம் தீப்பெட்டி கேட்டேன் என்று நான் சொன்னால், பூனையைப் பார்த்து ஓடியிருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் குறைப்பார்கள் என்று தெரிந்துதான் நானும் கூட்டிச் சொல்வது. இந்த ஒன்றில் மட்டும் எதையும் கூட்டவில்லை.

வெண்பாறை ஏரி எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் கிடக்கிறது. கரண்டுக்காக அணை கட்டித் தேக்கிய தண்ணீர். உள்ளே ட்ரவுட் மீன், வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து விட்டுப்போனது. குளிர்ந்த தண்ணீரைத் தவிர வேறெதிலும் நிற்காது, உடம்பெல்லாம் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். ஊட்டியிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் சக்கரம் வைத்த தூண்டிலில் பிடிப்பார்கள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இந்தக் குளிரில் குடியேறிய எங்களுக்குச் சக்கரம் ஏது. பன்னிரண்டு அடி மூங்கில், அடுப்புப் புகையில் ஒரு மழைக்காலம் முழுக்கக் காய்ந்தது. அதன் நுனியில் முடிச்சுப் போட்டுக் கட்டிய நூல், கம்பு எவ்வளவோ நூலும் அவ்வளவே. நூலின் கடைசியில் காட்டுக்கோழியின் கழுத்து இறகைப் பூச்சி மாதிரி சுற்றிய முள். நூல் கடையில் வாங்குவதில்லை. சவாரிக்கு நிற்கிற குதிரைகளின் வால்முடியைக் கேட்டு வாங்கிவந்து, கைப்பக்கம் கனமாகவும் முள்பக்கம் போகப்போக மெல்லிசாகவும் திரிப்பது. மாயழகு திரித்த நூல் தண்ணீரில் விழுந்தால் தண்ணீருக்கே தெரியாது. ரீல் இல்லாத தூண்டில்காரனுக்கு ரீல் விடுகிற கூட்டாளி என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள்.

இந்தத் தூண்டிலில் ஒரு சங்கடம் உண்டு. மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நூல் கிடையாது. அது போகிற பக்கமெல்லாம் கரையோடு நாம்தான் நடக்க வேண்டும். அடக்க முடியாத மீன் என்றால் கம்பையே தண்ணீரில் வீசிவிடுவது எங்கள் பழக்கம். மீன் அதை இழுத்துக்கொண்டு அலைந்து களைத்துப்போனதும், மிதக்கிற கம்பைப் போய் எடுத்துக்கொள்ளலாம். வீசத் தெரியாதவனுக்கு இந்தத் தூண்டில் ஆகாது.

மாயழகுக்கும் சிலம்பாயிக்கும் ஒரே பிள்ளை, கோகிலவாணி. சின்னதில் அப்பன் பின்னாலேயே ஏரிக்கு வரும். வந்தால் ஒரு மணி நேரம்தான் பொறுமை. அப்புறம் பக்கத்தில் வந்து நின்று அவன் சட்டை நுனியைப் பிடித்து மெல்ல இரண்டு தரம் இழுக்கும். நிற்கும். மறுபடி இரண்டு தரம். வாய் திறந்து ஒன்றும் கேட்காது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நூலைச் சுற்றுவான். தேயிலைக் காட்டில் சிலம்பாயியின் முந்தானைக்கும் அதே இழுப்புத்தான். அந்தப் பிள்ளைக்கு முடி இடுப்புக்குக் கீழே. சீவும்போது உதிர்கிறதையெல்லாம் சிலம்பாயி விரலில் சுற்றிச் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள், கல்யாணத்துக்குச் சவுரி கட்ட வேண்டும் என்று, அஞ்சு வயசிலிருந்து.

பதினாறு வயசில், ஆடி மாதத்துப் பெருமழையில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரியின் வால்பக்கம் ஓடையில் இறங்கிக் கடக்கிற குறுக்குவழியில் பிள்ளை வந்தது. மேலே எங்கேயோ கொட்டிய மழை ஓடையில் இறங்கியது. குடை கிடைத்தது, புத்தகப் பை கிடைத்தது. மூன்று நாள் ஆட்கள் முங்கித் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. அந்தக் குறுக்குவழியைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தவன் மாயழகு. யாரும் அதை அவனிடம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி, அவர்கள் உடம்பிலிருந்து வந்த ஏதாவது ஒன்றை உள்ளே வைத்து, நாற்பத்தோராம் நாள் எரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஏதாவது ஒன்று வைத்தே ஆக வேண்டும். வைக்காமல் எரித்தால் எரிந்தது வெறும் புல். சிலம்பாயியிடம் டின் இருந்தது. உருவத்தை அவளே கட்டினாள், பிள்ளையின் உயரத்துக்கு, சுவரில் போட்டிருந்த அளவுக்கோட்டைப் பார்த்து. நாற்பத்தோராம் நாள் காலையில் டின்னைத் திறந்தால், உள்ளே சீயக்காய் வாசனை மட்டும் இருந்தது.

மாயழகைத் தேடி ஏரிக்கு ஓடியவன் நான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கம்பு வளைந்திருந்தது. நூல் கறுப்பாக, விறைப்பாக, தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது. இரண்டு நாளாகச் சோலைக்குள் உட்கார்ந்து பதினோரு வருஷத்து முடியையும் திரித்திருக்கிறான். குதிரைமுடி என்றால் பிள்ளை பயந்துக்கும், தன் முடி என்றால் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் என்றான். பேச்சில் ஒரு பதற்றமும் இல்லை, உப்பு வாங்கி வந்த கணக்காகச் சொன்னான். சொல்லிவிட்டு,

"விரலை வச்சுப் பாரு மச்சான்," என்றான்.

வைத்தேன். நான் உணர்ந்தது என்ன என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன். நான் அவனிடம் சொன்னது, "புள்ளதான்டா."

மேலே வந்து கூட்டத்திடமும் அதையே சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததில் கழிக்காமல் நம்பப்பட்ட முதல் சொல் அது. பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு போனார். சிலம்பாயி புல் உருவத்தைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

ஒரு நாள் நிற்பான் என்று நினைத்தோம். ஒரு வாரம் நின்றான். மழை வந்ததால் தலைக்கு மேலே நாலு தகரத்தை நிறுத்தினோம். குளிர் வந்ததால் பக்கத்தில் கணப்பு வைத்தோம். குதிரை மாதிரி நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டான், தூங்கும்போதும் கம்பு வளைந்தபடியே இருந்தது. சனிக்கிழமை தோறும் சவரக்காரர் இறங்கிவந்து நின்ற வாக்கில் சிரைத்துவிட்டார். மீன் கிழக்கே போனால் கரையோடு கிழக்கே நடந்தான், மேற்கே போனால் மேற்கே. தகரத்தைத் தூக்கிக்கொண்டு நாங்களும் பின்னால் நடந்தோம். கம்பை வீசுடா, வீசிவிட்டு வா என்று சொல்லாத ஆள் இல்லை. அவன் எல்லாருக்கும் தலையாட்டினான்.

மீன் ஆபீஸ் காவலர் போஜன் படுகர், ரூல் தெரிந்த மனுஷர். ஏரியில் தூண்டில் போட ஒரு நாள் லைசென்ஸ்தான் உண்டு, பொழுது சாய்ந்தால் செல்லாது. மூன்று நாள் கரையில் உட்கார்ந்து யோசித்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: தூண்டிலில் மாட்டிய மீன் கரைக்கு வராத வரைக்கும் அந்த நாள் முடிந்ததாகாது. அந்த முடிவை எழுதி மேலே அனுப்பினார், மேலேயிருந்து மறுப்பு வரவில்லை, லைசென்ஸை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தகரக்காலில் கட்டிவிட்டார். எஸ்டேட் ஆபீசில் அவன் பேருக்கு நேரே ஏரிக்காவல் என்று எழுதிக்கொண்டார்கள். எலெக்ஷன் வந்தபோது கட்சிக்காரர்கள் இறங்கி வந்து, ஓட்டுப் போட வா என்று அழைத்துப் பார்த்துவிட்டு, கம்பைப் பிடித்திருந்த விரலுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். மேலே ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு மாயழகு ஸ்டாப் என்று பேர் வந்தது. கண்டக்டர்கள் காரணம் கேட்காமல் அதையே கூவினார்கள்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் நூலைத் தொட ஆரம்பித்தது. முதலில் தொட்டது காசாம்பு என்கிற கொழுந்து பறிக்கிற பெண், பிறந்து முப்பதாம் நாள் குழந்தையைப் பறிகொடுத்தவள். கணப்புக்கு விறகு போட வந்தவள் தற்செயலாகத்தான் நூலில் கையை வைத்தாள். வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், ரவிக்கையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. அதற்குள் ஐந்து வருஷம் ஆகியிருந்தது அந்தக் குழந்தை போய். அப்புறம் தலைமன்னாரில் கப்பலேறும்போது தம்பியின் கையை விட்டவர் தொட்டார். அட்டை கடித்த புண் சீழ் வைத்த காலோடு கிடந்து செத்தவளின் புருஷன் தொட்டான். அவரவர்க்கு அவரவர் ஆள் அந்த நூலில் இருந்தது. கொஞ்ச நாளில் அதற்கு முறை வந்துவிட்டது: செவ்வாயும் வெள்ளியும் மட்டும், குளித்துவிட்டு வர வேண்டும், ஒற்றை விரல்தான், ஒரு மூச்சு நேரம்தான், தொட்டபோது தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். காட்டுக்கோழி இறகு கொண்டுவந்து தகரத்தில் செருகினார்கள். மாயழகு எவரையும் தடுக்கவில்லை. யாராவது நூலை அழுத்திப் பிடித்தால் மட்டும், "மெல்ல, அதுக்கு வலிக்கும்," என்பான்.

சிலம்பாயி ஏரிப்பக்கம் வரவில்லை. பதினோரு வருஷமும் காலையில் கொழுந்துக்குப் போகுமுன் சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டு, என் வீட்டு வாசல் கல்லில் வைத்துவிட்டுப் போவாள். நான்தான் கொண்டு இறங்குவேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று நான் சுமந்தது ஒரே ஒரு தரம். மூன்றாம் வருஷம், அந்த நாற்பத்தோராம் நாள் திரும்பி வந்தபோது, தூக்கை வைத்துவிட்டு நின்றாள். "முடியைக் கேட்டேன்னு சொல்லுங்க அண்ணே," என்றாள். போய்ச் சொன்னேன். அவன் தண்ணீரைப் பார்த்தபடியே, "பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லு," என்றான். வந்து சொன்னேன். அவள் போய்ப் பரணிலிருந்து புல் உருவத்தை இறக்கி, நைந்துபோன புல்லை உருவிவிட்டுப் புதுப்புல் வைத்துக் கட்டி, மறுபடி பரணில் போட்டாள். வருஷம் தவறாமல் அதைச் செய்தாள். ஊரில் எல்லாருக்கும் அந்த நூலில் ஆள் கிடைத்தது. அந்த நூல் யாருடைய முடியோ அதைப் பெற்றவளுக்கு மட்டும் எரிக்க ஒரு இழை கிடைக்கவில்லை.

பதினோராம் வருஷம் மதகில் விரிசல் கண்டு, அதைப் பூச ஏரியை வடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். டிவிஷனே கூடிப் போய் என்ஜினீயரம்மாவைப் பார்த்தது, அந்த ஒரு மூலையில் மட்டும் தண்ணீரை விட்டுவைக்கக் கேட்டது. அவர் சின்ன வயசு, மலைக்குப் புதுசு. அளக்கிற நாடாவோடு இறங்கிவந்தவர் என்னவோ நினைத்து நூலில் விரல் வைத்தார். ஒரு மூச்சு நேரம் கழித்து எடுத்தார். தண்ணீரை நிறுத்த முடியாது, ஆனால் மெல்ல இறக்கலாம் என்றார். நாடாவை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

தண்ணீர் இறங்க இறங்க மாயழகும் இறங்கினான். நூலின் நீளம் பன்னிரண்டு அடிதான். தண்ணீர் மூன்றடி பின்வாங்கினால் அவனும் மூன்றடி முன்னால் போனான், பின்னாலேயே தகரமும் கணப்பும் லைசென்ஸும். முழுகிப்போன பழைய ரோடு வெளியே வந்தது, அதன் மைல்கல் வந்தது, வெட்டாமல் விட்ட சோலை மரங்களின் அடிக்கட்டைகள் கறுப்பாக வந்தன. அவன் ஒவ்வொரு கட்டையையும் சுற்றிப் பார்த்தான். எதைத் தேடுகிறான் என்று தெரியும் என்பதால் நாங்களும் தேடினோம், பார்க்காத மாதிரி. ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது நாளில் ஏரி ஒரு குட்டையாகிவிட்டது, குட்டைக்குள் வந்து விழுகிற ஆதிநாளைய ஓடையும் அதிலிருந்து மதகுக்குப் போகிற சேறும்தான் மிச்சம்.

புதன்கிழமை சாயங்காலம் கொழுந்துக்கூடையை இறக்காமலேயே சிலம்பாயி என் வாசலுக்கு வந்தாள். நான் காலில் ஒட்டிய அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். கதை சொல்லாம சொல்லணும்."

"கேளு தாயி."

"அன்னைக்கு நூலைத் தொட்டீங்களே. அது புள்ளதானா?"

நான் உப்பைக் கீழே வைத்தேன். "மீனுதான் தாயி," என்றேன். "மீனு எப்படி இழுக்குமோ அப்படித்தான் இழுத்துச்சு. அவன் மூஞ்சியைப் பாத்தேன், வாயில வேற வந்துருச்சு."

அப்போதும் அவள் கூடையை இறக்கவில்லை. கூடைக்கயிறு நெற்றியில் பதிந்திருந்தது.

"அவரு மூஞ்சியைப் பாத்தீங்க," என்றாள். "மேலே வந்து என் மூஞ்சியைப் பாக்கலையே அண்ணே."

போய்விட்டாள். பதினோரு வருஷம் தூக்கு வைத்த கல்லில் மறுநாள் தூக்கு இல்லை.

வியாழக்கிழமை அவளே சோற்றைக் கொண்டு இறங்கினாள். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் அந்தப் பிஸ்கட் டின். சேறு முழங்கால் வரை ஏறியது, நிற்கவில்லை. மறுநாள் வெள்ளிக்காக முன்கூட்டியே வந்து வரிசையில் நின்ற ஜனம் தானாக விலகியது. என்ன செய்யப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காசாம்பு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை விடு அக்கா என்று கெஞ்சினாள். சிலம்பாயி அவள் கையில் சோற்றுத்தூக்கைக் கொடுத்தாள்.

மாயழகின் தலை வெளுத்திருந்தது, தாடை ஒட்டியிருந்தது. கம்பைப் பிடித்த கை மட்டும் மரக்கிளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. திரும்பாமலேயே, "வந்துட்டியா," என்றான், காலையில் போனவள் சாயங்காலம் வந்த மாதிரி. "கொஞ்சம் பிடி. கை மரத்துப் போச்சு."

அவள் கம்பைப் பிடிக்கவில்லை. நூலில் கையை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, முறைக்கு மேலே பல மூச்சு நின்றாள், வரிசையில் ஒருத்தரும் முனகவில்லை. அப்புறம் நூலைப் பிடித்துக்கொண்டே, கை மாற்றிக் கை மாற்றி, குட்டைக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். உள்ளங்கை நீளம்கூட இல்லாத ஒரு ட்ரவுட். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாளைக்கான வளர்த்தியும் இல்லை. அந்தத் தம்மாத்துண்டு மீன்தான் ஒரு மனுஷனைக் கிழக்கும் மேற்கும் நடத்தியது.

அவள் அதைக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோய் என்னவோ சொன்னாள். ரவிக்கைக்குக் கொக்கி தைத்து முடித்தவள் நூலைக் கடிக்கிற மாதிரி தலையைச் சாய்த்து, முள்ளுக்குப் பக்கத்தில் பல்லை வைத்து, கடித்தாள். முள்ளைப் பதமாகக் கழற்றினாள். மீன் அவள் கைக்குள்ளேயே, போகாமல், வாயைத் திறந்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஓடைநீர் வந்து விழுகிற பக்கம் திரும்பி மேலே ஏறிப் போய்விட்டது.

"போயிருச்சா?" என்றான் மாயழகு.

"போயிருச்சு."

அவன் சேற்றில் உட்கார்ந்தான். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தான். கம்பு நிமிரவில்லை, இழுக்க ஆள் இல்லாமலேயே வளைந்து கிடந்தது. சிலம்பாயி நூலை நுனியிலிருந்து அவிழ்த்து, சீவி எடுத்த முடியைச் சுற்றுகிற மாதிரி விரலில் சுற்றினாள். அவள் தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. அந்த நூலில் ஒரு நரை இல்லை. டின்னுக்குள் வைத்து மூடினாள். போஜன் லைசென்ஸை உறையிலிருந்து எடுத்து, ஒரு மீன், திரும்ப விடப்பட்டது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் அப்படி முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், தண்ணீர் திரும்புமுன், ஏரியின் அடிவயிற்றில் வைத்து உருவத்தை எரித்தோம். பதினாறு வயசு உயரம்தான் இருந்தது. தீ வைத்தவன் மாயழகு, இடது கையால். வலது கை கீழே இறங்க மறுத்துவிட்டது, இன்றைக்கும் இறங்கவில்லை. அந்தக் கைக்கு டீக்கிளாஸ் பிடிக்க வராது, சிலம்பாயிதான் பிடிக்கிறாள்.

ஊருக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மேலேயும் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. அது அவரவர் ஆள் இரண்டாம் தரம் செத்த கோபம். தகரத்தைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கோழிக்கூட்டுக்குக் கொண்டுபோனார்கள். பஸ் ஸ்டாப்பின் பேர் மட்டும் மாறவில்லை.

இனி, அதன் இடத்தில் சொல்கிறேன் என்றேனே, அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு சிலம்பாயி எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். மாயழகு உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மீன் தலையை உதறும், வெடுக்கென்று ஓடும், நிற்கும், பின்னும் உதறும். அறுபது வருஷமாக எனக்குத் தெரியும் அது. அன்றைக்கு என் விரலில் வந்தது உதறல் இல்லை. மெல்ல இரண்டு இழுப்பு. ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு. ஆவணியில் அவனிடம் சொன்னதுதான் நிஜம், பங்குனியில் அவளிடம் சொன்னதுதான் பொய். அந்தப் பொய்யை நம்பித்தானே கடித்தாள் என்று பதினாறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"வேணாம்ண்ணே," என்றாள். "தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"பின்னே ஏன் தாயி கடிச்சே?"

அவள் முந்தானை நுனியைக் கையில் எடுத்து, மெல்ல இரண்டு தரம் இழுத்துக் காட்டினாள்.

"பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு நெனச்சாரு," என்றாள். "அது பதினோரு வருஷமா, வீட்டுக்குப் போலாம்ப்பான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்குண்ணே."

உள்ளே கட்டிலில் மாயழகு புரண்டு படுத்தான். அவள் எழுந்து போய், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கையை இழுத்து மூடிவிட்டு வந்தாள்.